கடைசியாக வந்த நேரம்

"என் பொண்ணு இன்னைக்குக் காலையில பத்து பத்துக்கு ஆன்லைன் கிளாஸுக்கு வந்திருக்காம்மா. எந்த ஊர்லேர்ந்துன்னு மட்டும் பார்த்துச் சொல்லுங்க" என்றார் பெரியவர்.

போனை மேஜைமேல் வைத்தார். பெற்றோருக்கான பக்கத்தில் 'கடைசியாக வந்தது: இன்று, காலை 10.10' என்று இருந்தது. இரண்டு வருடமாக அந்த இடத்தில் ஒரே தேதிதான். மகள் வீட்டைவிட்டுப் போனதற்கு முந்தின நாள்.

"அவ நம்பர் நாப்பத்து மூவாயிரத்து அறுநூத்துப் பதினேழு" என்றார், கேட்காமலே.

இன்ஜினியர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. இரண்டு நாளாகத் தூக்கமில்லை; உடம்போடு மனசும் மரத்துப்போயிருந்தது. அந்த ஆன்லைன் பள்ளியின் எழுபதாயிரம் மாணவர்களையும் பழைய சர்வரிலிருந்து கிளவுடுக்குக் குடிமாற்றுவது அவள் பொறுப்பு. இனி எத்தனை பேர் ஒரே நேரத்தில் வந்தாலும் சர்வர் படுக்காதாம். இப்போதைக்குப் படுக்க முடியாமல் இருப்பது அவள்தான்.

மேனேஜர் கதவுவழியே தலையை நீட்டினார். "எதுவரைக்கும் வந்திருக்கு?"

"நாப்பதாயிரமாவது நம்பர் வரைக்கும் முடிஞ்சது சார். மீதி மத்தியானத்துக்கு மேல."

பிறகு, காலையிலிருந்து போனில் எல்லாருக்கும் சொன்னதையே பெரியவருக்கும் கிளிப்பிள்ளையாய் ஒப்பித்தாள்.

"ஐயா, அது உங்க பொண்ணு இல்ல. ஒவ்வொரு அக்கவுண்டையும் மாத்தும்போது எங்க புரோகிராம் உள்ள போயிட்டு வரும். உடனே அந்த நேரம் பதிவாயிடும். மாத்தின எல்லாப் பிள்ளைங்களுக்கும் இன்னைக்கு அப்படித்தான் காட்டுது."

"அப்ப... அவ வரலையா?"

"இல்லீங்கய்யா."

அழுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் அழவில்லை. போனைத் துடைத்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். பார்த்தவளுக்கு வலித்திருக்க வேண்டும், எதுவும் தோன்றவில்லை.

"கோவத்துல 'போடி'ன்னு ஒரு வார்த்தை சொன்னேன்" என்றார் மெதுவாக. "போயிட்டா."

வாசல்வரை போனவர் திரும்பினார். "புது இடத்துக்கு அவ பக்கமும் வந்துடுமில்ல? விட்டுட மாட்டீங்களே?"

"அதெல்லாம் வந்தாச்சு. காட்டறேன், இருங்க."

அவரைச் சமாதானப்படுத்தி அனுப்பத்தான் அந்த எண்ணைத் தட்டினாள். மாற்றி முடித்தவர்களின் பட்டியலில் அது இல்லை. தப்பாகத் தட்டிவிட்டோமோ என்று மறுபடி தட்டினாள். 43617 இன்னும் பழைய சர்வரிலேயே, யாரும் தொடாமல், மத்தியான வரிசையில் காத்திருந்தது.

மௌஸை விட்டுவிட்டு நிமிர்ந்தாள். இப்போதுதான் முதன்முறையாக அவர் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"ஐயா, பத்து பத்துக்கு உள்ள வந்தது நாங்க இல்ல."