தொப்பி இன்னும் கீழே வரவில்லை

புரொஜெக்டரில் கண்ணாடி ஸ்லைடைத் தலைகீழாகத்தான் செருக வேண்டும். அப்போதுதான் படம் நேராக விழும். புவியியல் டீச்சர் அன்று அவசரத்தில் நேராகச் செருகிவிட்டார். திரையில் மலை தலைகீழாகத் தொங்கியது. அடிவாரத்தில் நின்றிருந்த தொப்பிக்காரரும் தொங்கினார். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது.

டீச்சரும் சிரித்துக்கொண்டே ஸ்லைடைத் திருப்பிப் போட்டார். மலை நேரானது. தொப்பிக்காரர் மட்டும் இப்போது வெறுந்தலையோடு வானத்தைப் பார்த்து, இரண்டு கைகளையும் ஏந்தி நின்றார்.

"சரி, அடுத்த படம்," என்றார் டீச்சர். "லைட் சூட்டுல கண்ணாடி விரிசல் விட்டுடும்."

"ஐயோ, எடுக்காதீங்க டீச்சர்!" முன்வரிசைப் பெண் கத்தினாள். "அவர் தொப்பி இன்னும் கீழ வரல!"

டீச்சர் திரையை ஒருமுறை பார்த்தார். பிறகு அட்லஸை எடுத்து ஸ்லைடுக்கு விசிறத் தொடங்கினார்.

மணி அடித்தது. ஒருவரும் எழவில்லை. திரையின் மேல்விளிம்பில் தொப்பியின் ஓரம் மெல்ல எட்டிப் பார்த்தது.