ஜோடி சேராத ரேம்

போன வாரம் டாக்டர் வெளியூர் போயிருந்த நேரத்தில்தான் கடைக்கு வந்திருந்த பெண்ணின் கம்ப்யூட்டர் படுத்துவிட்டதாம். அவசரத்துக்கு எதிர்க்கடையில் கொடுத்துச் சரிசெய்து வாங்கினாளாம்.

"எதிர்க்கடையிலயா?" என்றார் டாக்டர். அவருக்கு அதற்கு மேல் ஒன்றும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

டாக்டர் என்றால் கம்ப்யூட்டர் டாக்டர். ரிப்பேர் கடை வைத்திருக்கிறவருக்குத் தெருக்காரர்கள் வைத்த பெயர். எதிர்க்கடை அவருடைய மச்சானுடையது. மனைவியின் கூடப் பிறந்த தம்பி. ஆறு வருஷம் இதே கடையில் கூட இருந்துவிட்டு, ஒரு நாள் வாய்ச்சண்டை முற்றி வெளியே போனவர், நேர் எதிரே போர்டு மாட்டிவிட்டார். ஒரு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை.

அந்தப் பெண் வீட்டிலிருந்தபடியே கட்டட வரைபடம் போட்டுக் கொடுப்பவள். கம்ப்யூட்டர் ஓடுகிறதாம், ஆனால் பெரிய படத்தைத் திறந்தால் அப்படியே நின்றுவிடுகிறதாம். இன்று மதியத்துக்குள் ஒரு நாலு மாடிக் கட்டடத்தின் படத்தை அனுப்பியாக வேண்டும். அனுப்பாவிட்டால் அந்த வேலை இனி இவளுக்கு வராது.

"அண்ணா, அதுல ஒரு விஷயம்..." என்று ஆரம்பித்தவள், பெஞ்சில் காத்திருந்த இரண்டு பேரைப் பார்த்துவிட்டு நிறுத்தினாள்.

"நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம்மா. மெஷினே சொல்லிடும்."

மூடியைக் கழற்றினார். உள்ளே இரண்டு ரேம், கம்ப்யூட்டரின் நினைவகப் பட்டைகள். ஒன்று அவர் கடையில் போட்டது. இன்னொன்று வேறு கம்பெனி, வேறு வேகம். டாக்டர் முகத்தில் விளக்கு எரிந்தது.

ஆனாலும் தொழில் தொழில்தான். ஒன்றைக் கழற்றி வைத்துவிட்டு மற்றதை மட்டும் சோதித்தார். பத்து நிமிஷம், ஒரு பிழை இல்லை. மாற்றிப் போட்டார். அதுவும் சுத்தம். இடத்தை மாற்றிச் சொருகிப் பார்த்தார். அப்போதும் சுத்தம்.

"ரெண்டுமே நல்லாத்தானே இருக்கு?" என்று பெஞ்சில் இருந்த ஒருவர் கேட்டார்.

டாக்டர் இரண்டையும் சேர்த்துச் சொருகி ஓடவிட்டார். ஏழாவது நிமிஷம் திரை முழுக்கச் சிவப்பு வரிகள்.

"தனித்தனியா ரெண்டும் தங்கம். சேர்த்து வெச்சா சண்டை. இதைக் கண்டுபிடிக்கிறதுதான் வேலை."

அலமாரியில் தேடி, முதல் ரேமுக்கு அச்சு அசலான இன்னொன்றை எடுத்துப் போட்டார். சோதனையில் ஒரு சிவப்பு வரிகூட இல்லை. நாலு மாடிக் கட்டடம் சட்டென்று திறந்தது. அவள் அதைத் திருப்பினாள், பெரிதாக்கினாள், மாடி மாடியாக இறங்கி வந்தாள். எங்கேயும் நிற்கவில்லை. அங்கேயே உட்கார்ந்து கடைசித் திருத்தத்தைப் போட்டு அனுப்பியும் விட்டாள். மணி பன்னிரண்டுகூட ஆகவில்லை.

கேள்வி கேட்டவர் எழுந்து வந்து டாக்டருக்குக் கை கொடுத்தார்.

டாக்டருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. கழற்றிய ரேமைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தார்.

"ஜோடி சேருமா சேராதான்னு பார்க்கத் தெரியாதவனெல்லாம் கடை திறந்துட்டான்" என்றார், தெருவுக்கே கேட்கும்படி.

எதிரே மச்சான் நிமிரவில்லை. குனிந்து ஏதோ ஸ்குரூ திருகிக்கொண்டிருந்தார். டாக்டருக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

பெஞ்சுக்காரர்கள் தங்கள் சாமானை வாங்கிக்கொண்டு போனார்கள். கடை காலியானதும், அந்தப் பெண் கைப்பையிலிருந்து ஒரு சின்னக் காகித உறையை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

உள்ளே ஒரு ரேம். அதன்மேல் டாக்டருடைய கடை ஸ்டிக்கர்.

எடுத்துச் சொருகிப் பார்த்தார். 'பீப்' சத்தம் மட்டும் வந்தது. திரையில் எதுவும் வரவில்லை. நாலு மாசத்துக்கு முன்னால் அவரே தன் கையால் போட்டுக் கொடுத்தது.

"செத்துப்போனது இதுதான்ணா. நீங்க ஊர்லேர்ந்து வந்ததும் குடுத்து மாத்திக்கச் சொன்னார் எதிர்க்கடைக்காரர். அதுவரைக்கும் என் வேலை நிக்கக் கூடாதுன்னு, தன்னோட கம்ப்யூட்டர்ல இருந்ததைக் கழட்டிப் போட்டு விட்டார். ஜோடி சேராது, பெரிய படம் திறந்தா மக்கர் பண்ணும்னும் சொன்னார்."

டாக்டரின் குரல் இறங்கிவிட்டது. "இதை வந்ததுமே ஏம்மா சொல்லல?"

"சொல்லத்தான்ணா வந்தேன். நாலு பேர் இருக்கும்போது இதை வெளியே எடுத்துடாதீங்க, மாமா கடை பேர் கெட்டுடும்னு அவர் சொல்லியிருந்தார்."