ஒரே கோடு, இரண்டு இடத்தில்

ஜன்னல் மறைப்பின் இடுக்கு வழியாக மதிய வெயில் மீட்டிங் மேசையில் கோடு போட்டுக் கிடக்கிறது. சுவர்த் திரையில், தேதியைச் சரிபார்க்கும் ஒரே புரோகிராம் கோடு இரண்டு இடத்தில் தெரிகிறது: வெப் மாட்யூலில் ஒன்று, ரிப்போர்ட் மாட்யூலில் அதன் காப்பி. இரண்டுக்கும் பொதுவாகத் தனியே ஒரே இடத்தில் எழுதியிருக்க வேண்டியது. புதிதாகச் சேர்ந்தவள் ஒன்றில் பிழையைத் திருத்தினாள்; காப்பியில் அது அப்படியே இருந்தது. "அரைகுறை வேலை" என்று நேற்று எல்லார் முன்னாலும் அவளை வாங்கு வாங்கென்று வாங்கினார் டீம் லீடர். இப்போது அவள் அந்தக் காப்பியைத் திறக்கிறாள். முதல் வரியிலேயே அவர் பெயர். 'இப்போதைக்குக் காப்பி, அடுத்த வாரம் பிரிக்கணும்' என்ற குறிப்பு. ஐந்து வருஷத்துக்கு முந்தைய தேதி. எதிரே உட்கார்ந்திருக்கும் டீம் லீடருக்குக் காது மடல் சுடுகிறது. அவள் விரல் சட்டென்று மவுஸை உருட்ட, வரி மேலேறி மறைகிறது. "இந்தக் காப்பி யாரும்மா பண்ணது?" என்கிறார் மேசைக் கோடியில் இருக்கும் மேனேஜர். "பழசு சார், யாருன்னு தெரியல" என்கிறாள், டீம் லீடர் பக்கம் திரும்பாமலே.