மீசான் கட்டைப் பாசி

துறைமுக வீதிப் புளியமரத்தில் மட்டும் இருந்த ஒரு பாசியை, மரங்களைக் கணக்கெடுக்கும் கந்தோரின் எழுத்தர் லாபிர் வெள்ளிதோறும் அளந்து பதிவார். உயிருள்ள மரத்தைத் தவிர வேறெதிலும் அது வளராது. ஐம்பத்தெட்டாம் ஆண்டில் வீதியை அகலமாக்க மரத்தை வெட்டினார்கள். பாசியும் அழிந்தது. அந்த மாதம் மௌத்தாகி அடக்கப்பட்ட அவர் மனைவி நஜ்முன் நிஸாவின் கபுறில், தலைமாட்டில் அடையாளமாக நடும் மீசான் கட்டையை அந்த மரத்தில்தான் செய்தார்கள்.

மூன்று வருடம் கழித்து, ஜும்ஆத் தொழுகை முடிந்து கபுறடிக்குப் போனபோது கட்டையில் ஓரங்குலத்துக்கு அதே பாசி இருந்தது. மண்ணை விலக்கிப் பார்த்தார். கட்டைக்கு வேர் இல்லை. அளந்துகொண்டு கந்தோருக்கு வந்தார்.

“செத்த கட்டையில வளர ஏலாதெண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்? இப்ப என்னெண்டு எழுதப்போறியள்?” என்றார் உடன் வேலைசெய்யும் கனகசிங்கம்.

லாபிர் பதிவேட்டை விரித்தார். ‘மரத்தின் பெயர்’ என்ற இடத்தில் நஜ்முன் நிஸா என்று எழுதினார்.

‘உயிருடன் உள்ளதா?’ என்ற இடத்தில், ஓம்.