தீராத சிறுவாணி

"ஏனுங்க, இந்தக் கேன்ல இருக்கற சிறுவாணித் தண்ணி தீந்ததும் கோயமுத்தூருக்குக் கிளம்பிரோணும். வேற தண்ணி எனக்குச் சேராது" என்றாள் பங்காரம்மா.

கடலுக்கும் காயலுக்கும் நடுவே அமைதியாகக் கிடந்த அந்த ஆற்றங்கரைக் கிராமத்தை விட்டுப் போக அவள் கணவர் சென்னகேசவனுக்கு மனமே இல்லை. அதனால் தினமும் அவள் எழுவதற்கு முன்பே, தங்கியிருந்த வீட்டின் கிணற்றடிக்குப் போனார். மழைத் தண்ணீர் உப்புத் தண்ணீரைவிட இலேசானது, மேலேயே மிதக்கும். வாளியை ஆழ விடாமல் மேலாக மொண்டால் கரிக்காது. அப்படி மொண்டே கேனை நிரப்பி வைத்தார்.

ஒரு வாரமாகியும் கேன் தீரவில்லை. பங்காரம்மா படகில் சுற்றினாள், கடலில் கால் நனைத்தாள். "சிறுவாணின்னா சிறுவாணிதானுங்க" என்று மெச்சிக் குடித்தாள்.

அன்று காலை ஒரு வாய் குடித்ததும் முகத்தைச் சுளித்தாள். சென்னகேசவனுக்குத் திக்கென்றது.

"நாளைக்கு வாளியை இவ்வளவு ஆழமா உட்டுப்போடாதீங்க" என்றாள். "இன்னிக்குக் கரிக்குதுங்க."