ரோஜா சோப்பு

சிலிண்டரின் கழுத்தில் ஒரு குமிழி எழுந்தது.

நான் ஊதவில்லை. ஊதுவதற்குப் பட்டறையில் வேறு ஆளும் இல்லை.

கையில் கிரீஸோடு ஆக்ஸிஜன் பக்கம் போகக் கூடாது என்பது வெல்டிங்கில் முதல் பாடம். அதனால் மூலையில் குந்திக் கை கழுவிக்கொண்டிருந்தேன். நுரை முழங்கை வரை ஏறிய நேரம் பார்த்துக் குழாயில் தண்ணீர் நின்றுவிட்டது. எழுந்திருக்க என் முழங்காலுக்கு ஒரு பிடிமானம் வேண்டும். பக்கத்தில் நின்ற அசிட்டிலீன் சிலிண்டரின் கழுத்தைப் பிடித்து எழுந்தேன்.

அதன் வால்வுச் சாவியைச் சற்று முன்புதான் திறந்து வைத்திருந்தேன்.

கையை எடுத்தேன். நுரை அங்கேயே தங்கிவிட்டது. ரெகுலேட்டர் நட்டுக்குக் கீழே, முதலில் பட்டாணி அளவு. பிறகு கோலிக்குண்டு அளவு.

சோப்புத் தண்ணீர் தடவிக் கசிவு பார்ப்பதெல்லாம் மூக்கில்லாதவன் வேலை என்று நாற்பது வருடமாகச் சொல்லி வந்தவன் நான்.

என் மூக்கு அப்படி. நாலு தெரு தள்ளி யார் வீட்டிலாவது பால் பொங்கப் போகிறது என்றால், பொங்குவதற்கு முன்னால் போய்க் கதவைத் தட்டுவேன். கேஸ் குடோன் முதலாளி எனக்கு வண்டி அனுப்புவார். அறுபது சிலிண்டருக்கு நடுவில் ஒரு நடை நடந்து, கசிவது எது, அதை நிரப்பியவன் இடது கைக்காரனா வலது கைக்காரனா என்பதுவரை சொல்லிவிட்டு வருவேன். எனக்கு ஜலதோஷம் என்றால் குடோனுக்கு விடுமுறை.

அந்த மூக்கை மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு காய்ச்சல் கொண்டுபோயிற்று. இப்போது கண்ணாடி மாட்டிக்கொள்ள மட்டும் உதவுகிறது.

மூக்கு போன சேதி கேட்டு அப்போதே மகன் வந்து நின்றான். வீட்டோடு ஒட்டிய பட்டறை, சுவருக்கு அந்தப் பக்கம் அடுப்பு, வாசனை தெரியாத அப்பா.

"பூட்டிடுங்கப்பா" என்றான்.

பூட்டிவிட்டு நான் எங்கே போய் உட்காருவது என்று அவனுக்கும் தெரியவில்லை.

என் மனைவிதான் குறுக்கே வந்தாள். "அவர் மூக்கு போனா போகட்டும்டா. என் மூக்கு எங்க போச்சு?"

அவளும் அதே காய்ச்சலில் இரண்டு நாள் படுத்தவள்தான். மூன்றாம் நாள் எழுந்து எனக்கு வெந்நீர் வைத்ததால் அதை யாரும் காய்ச்சலில் சேர்க்கவில்லை.

அன்றிலிருந்து வீட்டில் மூக்கு சம்பந்தப்பட்டதெல்லாம் அவள் இலாகா. பால் திரிந்ததா, என் சட்டையைத் துவைக்க வேண்டுமா, எல்லாம். சோப்புகூட. "ரோஜா வாசனைங்க, நல்லாருக்கு" என்று எடுத்துக் கொடுப்பாள். நானும் ரோஜா என்று நினைத்துக்கொண்டு தேய்ப்பேன்.

காலையில் நான் சாவியைத் திறந்ததும் தீப்பெட்டியோடு நடுக் கதவில் வந்து நிற்பாள். மூச்சை இரண்டு தரம் இழுப்பாள். "ஒண்ணுமில்லங்க" என்பாள். அவள் போய் அடுப்பைப் பற்ற வைப்பாள். நான் டார்ச்சைப் பற்ற வைப்பேன்.

இன்றும் வந்து நின்றாள்.

சிலிண்டரை என் முதுகு மறைத்திருந்தது. குமிழி அதற்குள் எலுமிச்சம்பழ அளவாகியிருந்தது. அசிட்டிலீனுக்குப் பூண்டு அழுகியதுபோல ஒரு நாற்றம் உண்டு. தூங்குகிறவன்கூட எழுந்து உட்காருவான்.

"இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து பாரு" என்றேன்.

வந்தாள். என் தோளுக்குப் பின்னால், சிலிண்டருக்கு ஒரு முழம் தள்ளி. இரண்டு தரம் இழுத்தாள். எப்போதும்போல நிதானமாக.

"ஒண்ணுமில்லங்க. பத்த வைக்கட்டுமா?"

குமிழி உடைந்தது. அதே இடத்தில் இன்னொன்று கிளம்பியது.

பயம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பல் பிடுங்கிய இடத்தை நாக்கால் தொட்டுப் பார்ப்பதுபோல இருந்தது. கை மட்டும் அதன் வேலையைச் செய்தது. சாவியை மூடியது. பின்னால் நீண்டு அவள் விரல்களிலிருந்து தீப்பெட்டியை வாங்கி என் சட்டைப் பையில் போட்டது.

"சுவிட்சைத் தொடாத. தெருக் கதவத் திற."

திறந்தாள். நான் ஜன்னல்களைத் திறந்தேன். எதிர் வீட்டுச் சுவரோரம் போய், பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள்போல இரண்டு பேரும் உட்கார்ந்தோம். காற்று எங்கள் வீட்டுக்குள் போய் வந்துகொண்டிருந்தது. அது எதைக் கொண்டுவந்தது என்று எங்களுக்குத் தெரியவில்லை.

இரண்டாவது குமிழியை அவளும் பார்த்திருந்தாள்.

தெருவைப் பார்த்துச் சொன்னாள். "ரெண்டு மூக்கும் போச்சுன்னு சொல்லியிருந்தா அன்னைக்கே பூட்டியிருப்பான். பூட்டியிருந்தா நீங்க என்ன ஆகியிருப்பீங்க?"

நான் தீப்பெட்டியை எடுத்துக் குலுக்கிப் பார்த்தேன். மூன்று வருடம். ஆயிரம் காலை. ஆயிரம் குச்சி. ஒன்றுகூட அதன் வேலையைத் தாண்டி எதுவும் செய்யவில்லை.

கையில் நுரை காய்ந்து தோலை இழுத்துப் பிடித்தது. பழக்கத்தில் முகர்ந்து பார்த்தேன்.

"அப்ப இது ரோஜான்னு எப்படிச் சொன்ன?"

"உறையில படம் போட்டிருக்கே" என்றாள்.