சுண்ணாம்பு ஏறாத எலும்பு

இப்போதெல்லாம் ஓரிடம் வலிக்கிறது என்று போனால் வேறோரிடத்தைக் காட்டுகிறார்கள். மகளுக்கு நோவு இடுப்பில். டாக்டரம்மா தொட்டுக் காட்டுவதோ கழுத்தை. வெள்ளையடிக்கும் கிழவர் மகளின் சக்கர நாற்காலியை இறுகப் பிடித்தபடி நிற்கிறார். விளக்குப் பெட்டியில் மாட்டிய எக்ஸ்ரேயில் அவள் தொடையெலும்பு ஒரே பூச்சோடு விட்ட சுவரைப்போல மங்கிக் கிடக்கிறது; மேலே மயிரிழையாய் ஒரு விரிசல். "கழுத்துல அரிசி மாதிரி நாலு சுரப்பி இருக்குய்யா. ரத்தத்துல சுண்ணாம்புச் சத்து குறைஞ்சா எலும்புல இருந்து உருவிக் குடுத்துடும்" என்கிறாள் டாக்டர். "தினம் ரெண்டு டம்ளர் பால் குடிக்கிறாளே, அது எங்க போச்சு?" "வெயில் பட்டாத்தான் வைட்டமின் டி ஊறும். அது இல்லாம குடல் சத்தை வாங்காது. பதினோரு வருஷமா தரைக்கடியில இருக்கிற தையல் கூடத்துல, வெயிலே படாம உட்கார்ந்து துணி தைச்சிருக்காங்களே." கிழவருக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வருகிறது. "நாப்பது வருஷம் சுண்ணாம்பு அடிச்சவன் பொண்ணுக்கு எலும்புல சுண்ணாம்பு இல்லையா?" மகள் சிரிக்கப் பார்க்கிறாள், சிரிப்பு இடுப்பில் குத்த, பல்லைக் கடிக்கிறாள். "அப்பா, மறுபடி நடப்பேனான்னு கேளுங்க." கேட்கிறார். "மாத்திரையும் வெயிலும் விடாம இருந்தா நடக்கலாம். அதுவரை காலை ஊனினா முறிஞ்சிடும்."

வெயிலா மருந்து? கைவிட்ட கேஸுக்குத்தான் இப்படிச் சொல்வார்கள். பெரிதாக எதையோ மறைக்கிறாள். "போதும்மா உங்க வைத்தியம்" என்று எக்ஸ்ரேயை உறையில் திணித்து, நாற்காலியைத் திருப்புகிறார். வாசலில் வெயில் கண்ணைப் பறிக்கிறது. கை தன்னால் உயர்ந்து, உறையை மகள் தலைக்கு மேலே நிழலாகப் பிடிக்கிறது. நாலடி போனதும் அதை இறக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொள்கிறார். "பொய்தான் சொல்றா" என்று முணுமுணுத்தபடியே, நிழல் இல்லாத பக்கமாகத் தள்ளிக்கொண்டு போகிறார்.